தெரியாது மேடம்

போன வருடம் ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மயிலாப்பூரில் ஒரு சபா நடத்திய கர்நாடக இசைப் போட்டியில் என் மகள் பாடினாள். 10 வயதிலிருந்து 13 வயது வரையிலான பிரிவு, வாய்ப்பாட்டு. மூன்றாம் பரிசு கிடைத்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், தெருவில் நாலு பேர் விசாரித்தார்கள், சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியாகிவிட்டது. பாடி முடித்ததும் நடுவர்களில் ஒருவர் அவளிடம் ஒரு கேள்வி கேட்டார். அதற்கு அவள் சொன்ன பதில் இரண்டே வார்த்தை. பத்து மாதமாகிறது, அந்தப் பதில் என்னை விட்டுப் போகவில்லை. பரிசைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான். யாரிடமாவது சொல்லிவிட்டால் பாரம் குறையுமா என்று பார்த்தேன், அதுவும் நடக்கவில்லை. எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீடு வடசென்னையில், திருவொற்றியூர் தேரடிக்குப் பின்புறம். நான் பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். துறைமுகத்துக்கு வரும் சரக்கைச் சுங்கத்திலிருந்து வெளியே எடுத்துக் கொடுக்கிற வேலை. எங்கள் குடும்பத்தில் பாட்டு கற்றவர்கள் யாரும் இல்லை. என் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் வடிவுடையம்மன் சன்னதிக்குப் போவார். உடம்பு ஒத்துழைத்தால் பௌர்ணமியன்று மேலூர் திருவுடையம்மன், இங்கே வடிவுடையம்மன், வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூன்று அம்மனையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வருவார். பேத்தியையும் கூட்டிப் போவார். ஐந்து வயதில் அந்தப் பெண் கோயிலில் ஓதுவார் தேவாரம் பாடுகிற இடத்தில் நின்றுவிட்டால் நகரமாட்டாளாம். பிரசாதம் கொடுத்துக் கூப்பிட்டாலும் வரமாட்டாளாம். அம்மாதான் பார்த்து, காலடிப்பேட்டையில் ஒரு பாட்டு டீச்சரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கூடத்தில் பாய் விரித்து, ஒரு பழைய சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு, ஆறேழு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். மாதம் 800 ரூபாய். தர முடியாதவர்களிடம் அதையும் கேட்கமாட்டார்.

டீச்சரிடம் ஒரு பழக்கம். நோட்டுப் புத்தகத்தைக் கடைசியில்தான் திறக்கவிடுவார். முதலில் காதில் விழ வேண்டும், வாயில் வர வேண்டும், அப்புறம் எழுதிக்கொள்ளலாம். அதனால் சின்னப் பிள்ளைகள் தங்கள் வகுப்பு முடிந்த பிறகும், அப்பா அம்மா வருகிற வரைக்கும், பெரிய பிள்ளைகள் பாடுவதைக் கேட்டுக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருப்பார்கள். என் வேலையில் வீட்டுக்கு வர எட்டு, எட்டரை ஆகும். ஆக என் மகள்தான் கடைசி ஆளாக உட்கார்ந்திருப்பாள். அப்படி உட்கார்ந்து கேட்டுப் பிடித்துக்கொண்ட பாட்டுதான் பேகடா ராகத்தில் தியாகராஜர் செய்த ‘சுந்தரி நன்னிந்தரிலோ’. அவளுக்கு அப்போது ஒன்பது வயது, கீர்த்தனைக்கு முன்னால் கற்கிற வர்ணமே சரியாக ஆரம்பிக்கவில்லை. ஒருநாள் சமையலறையில் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே அதன் பல்லவியைப் பாடியிருக்கிறாள். என் மனைவி டீச்சரிடம் போய்ச் சொல்ல, டீச்சர் அவளைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, “சரி, திருட்டுத்தனமா கத்துக்கிட்டது போதும், ஒழுங்கா கத்துக்கோ” என்றார். ஆனால் முறையாகப் பாடம் ஆரம்பித்தது இரண்டு வருடம் கழித்துத்தான்.

அந்தப் பாட்டு எங்கள் ஊர் அம்மனுடையது. வீணை குப்பய்யர் தியாகராஜரின் நேர் சீடர், திருவொற்றியூர்க்காரர். அவர் அழைத்து தியாகராஜர் இங்கே வந்தபோது, திரிபுரசுந்தரி என்ற பெயரில் வடிவுடையம்மன் மேல் ஐந்து கீர்த்தனைகள் செய்தார். பேகடாவில் ஒன்று, கல்யாணியில் ஒன்று, ஆரபி, சாவேரி, சுத்தசாவேரி. திருவொற்றியூர் பஞ்சரத்தினம் என்று சொல்கிறார்கள். நான் இந்த ஊரிலேயே பிறந்து, நாற்பது வயது வரைக்கும் இது தெரியாமல் இருந்திருக்கிறேன். டீச்சர்தான் பல்லவிக்கு அர்த்தமும் சொன்னார்: சுந்தரி, இத்தனை பேர் நடுவில் என்னையும் பார்த்துக் காப்பாற்றம்மா. வெள்ளிக்கிழமை அந்தச் சன்னதியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பாட்டி தோளில் ஏறி, முன்னால் இருக்கிற தலைகளுக்கு மேலாக எட்டிப் பார்த்த பிள்ளை அவள். உடனே பிடித்துக்கொண்டாள்.

ஆனால் பேகடா லேசான ராகம் இல்லை. அதில் மத்யமம், அதாவது ‘ம’ ஸ்வரம், ஒன்று இருக்கிறது. சங்கராபரணத்தில் வருகிற மத்யமத்தைவிடக் கொஞ்சம் ஏறி, ஒரு இடத்தில் அசைந்து நிற்கும். நிஷாதமும் (‘நி’) அப்படித்தான், தனக்கென்று ஒரு இடம் வைத்திருக்கும். “இதை எழுதிக் காட்ட முடியாது, பாடித்தான் காட்டணும்” என்பார் டீச்சர். பட்டணம் சுப்பிரமணிய ஐயர் இந்த ராகத்தைப் பாடிப் பாடியே பேகடா சுப்பிரமணிய ஐயர் என்று பெயர் வாங்கியவர். அவ்வளவு பெரியவர்கள் வாழ்நாளெல்லாம் பாடிய ராகம் 12 வயதுப் பெண்ணுக்கு ஆறு மாதத்தில் எப்படி வரும்? சில நாள் மத்யமம் சரியாக வந்து உட்காரும், டீச்சர் கண்ணை மூடிக்கொள்வார். சில நாள் தாழ்ந்துவிடும். “ஊறணும். அவசரமில்லை” என்பார்.

நாலு பாட்டுக்கான நாலு வரி

போட்டி அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வந்தது. ஒரு வர்ணம் இரண்டு காலத்தில், அதாவது இரண்டு வேகத்தில், ஒரு கீர்த்தனை, மொத்தம் 6 நிமிடம். நாலு பாட்டு எழுதிக் கொடுக்க வேண்டும், நடுவர்கள் ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுப்பார்கள். சுருதி, லயம், உச்சரிப்பு, பாவம் (உணர்ச்சி வெளிப்பாடு) நாலுக்கும் மதிப்பெண். கட்டணம் 300 ரூபாய். வயலினும் மிருதங்கமும் சபாவே ஏற்பாடு செய்யும். என் மகள் படிவத்தைப் பார்த்ததும் கேட்டது, “எத்தனை பேர் வருவாங்கப்பா?” முப்பது பேர் இருக்கலாம் என்றேன். “அப்ப சுந்தரி பாடினா நல்லா இருக்கும்ல. இத்தனை பேர் நடுவுல என்னைப் பாருன்னுதானே பாட்டே.” குழந்தைதான் அப்படி யோசிக்கும். எனக்கு அது அப்போது ரசிக்கத்தக்க பேச்சாக மட்டும் பட்டது. அவள் யோசித்துத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொள்ளவில்லை.

என் வேலை என்னவென்று சொன்னேன். ஒரு தாளில் ஒரு எழுத்து தப்பினால் சரக்கு துறைமுகத்தில் நிற்கும், நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும். இருபது வருடமாக நான் செய்வதெல்லாம், எதற்காகவும் ஒரு ஃபைல் திரும்பி வந்துவிடாமல் பார்த்துக்கொள்வது. அந்தப் புத்தியோடுதான் போட்டியையும் பார்த்தேன். முந்தைய வருடங்களில் இந்த மாதிரிப் போட்டிகளில் பரிசு வாங்கிய பிள்ளைகளின் வீடியோக்களை யூடியூபில் ராத்திரி ராத்திரியாகப் பார்த்தேன். எனக்கு ராகம் பிடிபடாது, ஆனால் எது எடுபடுகிறது என்பது பிடிபட்டது. விறுவிறுப்பாக, சங்கதி (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடுவது) அடுக்கடுக்காக வருகிற பாட்டு 6 நிமிடத்தில் எடுபடும். நின்று நிதானமாகப் பாட வேண்டியது எடுபடாது. ஒரு இடம் தப்பினால் மூன்று நடுவர்களின் பேனாவும் ஒரே நேரத்தில் குனியும்.

டீச்சரிடம் போய்ச் சொன்னேன். ஹம்சத்வனி ராகத்தில் ‘வாதாபி கணபதிம்’ அவளுக்கு நன்றாகப் பாடமாகியிருக்கிறது, அதையே முதலில் எழுதலாம், பேகடா வேண்டாம் என்றேன். டீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “பேகடா இன்னும் ஊறணும், அது வாஸ்தவம்தான். ஆனா அவளா ஆசைப்பட்டுக் கேக்கறா. நாலுல ஒண்ணா இருக்கட்டுமே” என்றார். நடுவர்கள் அதையே கேட்டுவிட்டால் என்ன செய்வது என்றேன். “கேட்டா பாடட்டும், என்ன ஆயிடும்?” என்றார். எனக்கு அதற்குப் பதில் தெரிந்திருந்தது: பரிசு போய்விடும். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை கிடைக்கிற வாய்ப்பு என்று மட்டும் சொன்னேன். டீச்சர் அதற்கு மேல் பேசவில்லை. பெற்றவன் நான், முடிவு என்னுடையது என்று விட்டுவிட்டார்.

மகளிடம் நான்தான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது. வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவளிடம், நின்றபடியே, “அந்தப் பாட்டு உனக்கு இன்னும் சரியா வரலைம்மா. வந்த பிறகு பாடலாம்” என்றேன். அவள் சரிப்பா என்றாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் நான் கொஞ்சம் யோசித்திருப்பேனோ என்னவோ. படிவத்தில் நாலு வரி இருந்தது. ஆபோகி வர்ணம், வாதாபி, மோகனத்தில் ஒன்று, மத்யமாவதியில் ஒன்று. அத்தனையும் தப்பாமல் வருகிற பாட்டு.

மூன்று மாதம் அதுவேதான். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து சுருதி ஆப்பைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். அந்த நேரத்தில்தான் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிப் போகும், ஏர் ஹாரன் வீட்டுக்குள் கேட்கும். முதலில் எரிச்சல்பட்டாள். பிறகு அதையே ஒரு பயிற்சியாக்கிக்கொண்டாள். ஹாரன் எந்த ஸ்வரத்தில் அடித்தாலும் தன் ஸட்ஜத்தை, அந்த ஆதார ‘ஸ’வை, விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவளுக்குச் சுருதி நன்றாக நின்றதற்கு அந்த லாரிகளும் ஒரு காரணம் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். வாதாபி நாளுக்கு நாள் மெருகேறியது. பேகடாவை அந்த மூன்று மாதமும் அவள் வாயில் கேட்கவில்லை. நேரமில்லை, அதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

தேரடியில் மெட்ரோ ஏறி டி.எம்.எஸ்.ஸில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ. பட்டுப்பாவாடை கசங்கக்கூடாது என்று அவள் வழி முழுக்க நின்றுகொண்டே வந்தாள், உட்கார இடம் இருந்தும். ஒரு காதில் இயர்போன், தம்புரா ஒலி, உதடு மட்டும் அசையும். அங்கே போனால் 27 பிள்ளைகள். பின்னறையில் அம்மாக்கள் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகள் ஒருவரை ஒருவர் “உனக்கு எவ்வளவு கட்டை?” என்று சுருதியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் மகள் “அஞ்சு” என்றாள். இன்னொருத்தி “எனக்கும்” என்றாள். அதோடு சிநேகமாகிவிட்டார்கள். பெரம்பூரிலிருந்து ஒரு பையன் அப்பாவோடு வந்திருந்தான், நங்கநல்லூரிலிருந்து ஒரு பெண். வேறு எங்கே இந்தப் பெண்ணுக்குத் தன் வயதில் பாட்டைப் பற்றிப் பேச 26 பேர் ஒரே இடத்தில் கிடைப்பார்கள்? போட்டியே வேண்டாம், பிள்ளைகளைக் கெடுக்கும் என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பின்னறையைப் பார்த்தவன் என்பதால் என்னால் அப்படிச் சொல்ல முடியாது. முன்பின் தெரியாத ஒரு வயலின்காரரோடும் மிருதங்கக்காரரோடும் மேடையில் உட்கார்ந்து, அவர்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பாட ஆரம்பிக்க அன்றுதான் அவள் கற்றுக்கொண்டாள்.

அவள் 15ஆம் எண். அவளுக்கு முன்னால் பாடிய நங்கநல்லூர்ப் பெண் சஹானா வர்ணம் பாடினாள், ‘கருணிம்ப’. நான் கேட்டுக்கொண்டிருந்தேனே தவிர, அது யார் செய்தது என்று அப்போது தெரியாது. பிறகு என் மகள் போனாள். ஆபோகி வர்ணம் இரண்டு காலமும் பிசகவில்லை. வாதாபி கேட்டார்கள், பாடினாள். சங்கதிகள் ஒவ்வொன்றாகப் படியேறி வந்தன. மணி அடிப்பதற்கு முன்பே முடித்துவிட்டாள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, இத்தனை மாதக் கணக்கும் சரியாக வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் உட்கார்ந்திருந்தவர் வயதான ஒரு வித்வாம்சினி. தாளைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, “எங்கேருந்து வர்றே கண்ணா?” என்றார். “திருவொற்றியூர் மேடம்.” அவர் முகம் மலர்ந்துவிட்டது. “இப்பதானே உங்க ஊர்க்காரர் வர்ணம் கேட்டோம்! திருவொற்றியூர் தியாகய்யர் பண்ணினது, சஹானா” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். மறுபடி இவளிடம் திரும்பி, “உங்க ஊர் அம்பாள் மேல தியாகராஜர் அஞ்சு கிருதி பண்ணியிருக்காரே, அதுல ஏதாவது ஒண்ணு தெரியுமா?” என்று கேட்டார். பாடச் சொல்கிற தொனி கூட இல்லை. ஊர்க்காரப் பெண்ணைப் பார்த்த ஆசையில் கேட்ட கேள்வி.

என் மகள் உடனே பதில் சொல்லவில்லை. மேடையிலிருந்து மூன்றாவது வரிசையில் என்னைத் தேடினாள். கண்டுபிடித்தாள். ஒரு நொடி, அவ்வளவுதான். பிறகு நடுவரைப் பார்த்து, தெளிவாக, மரியாதையாகச் சொன்னாள்: “தெரியாது மேடம்.”

“பரவால்லை, கத்துக்கோ” என்று அவர் சிரித்தார். அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள்.

அந்த நொடியில் எனக்கு வந்தது நிம்மதி. இதை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. தெரியும் என்றிருந்தால், இரண்டு வரி பாடு என்பார்கள். மத்யமம் தாழ்ந்துவிட்டால்? நல்லவேளை, என் பெண் சமயோசிதமாகச் சமாளித்துவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவள் மேடையிலிருந்து இறங்கி வந்ததும் முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தேன். அந்தத் தட்டுக்கு அவள் என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டிருப்பாள் என்று இப்போது யோசித்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஒன்பது வயதில் சுவரோரம் உட்கார்ந்து தானாகப் பிடித்துக்கொண்ட பாட்டு. அவள் ஊர், அவள் பாட்டி தோள், அவள் அம்மன். அதைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, என்னிடம் வந்து தட்டு வாங்கிக்கொண்டாள்.

தெரியும் என்றால் என்ன

திரும்பி வரும்போது மெட்ரோவில் நான் கேட்கவில்லை. பரிசுக் களிப்பு. டீச்சர் “என்ன கேட்டாங்க?” என்று விசாரித்தபோது, வாதாபி கேட்டாங்க என்று மட்டும் சொன்னாள். கேள்வியைப் பற்றிச் சொல்லவில்லை. அதன் பிறகு வகுப்பில் டீச்சர் பேகடாவை எடுத்தால், தொண்டை சரியில்லை, வேறு பாடலாமா என்று தள்ளிப்போட ஆரம்பித்தாள். சின்னப் பிள்ளைக்கு அலுப்பு என்று டீச்சரும் விட்டார். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது, சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். அன்றைக்கு ஏன் தெரியாதுன்னு சொன்னே?

அவள் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே சொன்னாள். “நீங்கதானேப்பா சரியா வரலைன்னு சொன்னீங்க. சரியா வரலைன்னா தெரியாதுன்னுதானே அர்த்தம்?”

கோபமாகச் சொன்னால் சமாதானம் செய்திருக்கலாம். அவள் கோபமாகச் சொல்லவில்லை. வீட்டுக் கணக்கில் சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அன்றிலிருந்து இதையே சுற்றிச் சுற்றி வருகிறேன். பாட்டு தெரியும் என்கிறோம், பாடத் தெரியும் என்கிறோம், இரண்டுக்கும் நம் வாயில் ஒரே சொல்தான் வருகிறது. டீச்சர் அதைப் பல படியாகப் பிரித்து வைத்திருக்கிறார். காதில் விழுந்திருக்கு, பிடி கிடைச்சிருக்கு, பாடமாகியிருக்கு, ஊறிப்போச்சு. பாடமானதற்கும் ஊறுவதற்கும் நடுவில் இருபது வருடம் ஆனாலும் ஆகும் என்பார். என் மகள் அந்தப் பாதையில் எங்கோ நடுவில் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தாள். நான் அவளிடம் இரண்டே இரண்டு கட்டம் போட்ட ஒரு படிவத்தை நீட்டினேன். சரியாக வரும், வராது. அவள் வராது என்பதில் டிக் செய்தாள். நடுவர் அந்தப் படிவத்தைக் கேட்கவே இல்லை. தெரியுமா என்று கேட்டார், அவ்வளவுதான்.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பதற்கு என் வேலைப் புத்தி ஒரு காரணம் என்றேன். இன்னொன்றும் இருக்கிறது. டீச்சரிடம் சொன்னேனே, வருடத்துக்கு ஒரு தடவை கிடைக்கிற வாய்ப்பு என்று, அது பொய்யில்லை. மயிலாப்பூரில் இருக்கும் ஒரு பிள்ளை இந்த மாதம் ஒரு இடத்தில் பேகடா பாடி மத்யமத்தைக் கோட்டைவிட்டால், அடுத்த மாதம் அடுத்த தெருவில் இன்னொரு மேடையில் பாடித் திருத்திக்கொள்ளலாம். நவராத்திரிக்கு நாலு வீட்டில் பாடலாம். கேட்கிறவர்களும் சொல்லித் திருத்துவார்கள். தப்பாகப் பாடுவதற்கு அங்கே இடம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு மெட்ரோ ஏறிப் போய்ப் பாடக் கிடைப்பது வருடத்தில் அந்த 6 நிமிடம். அதில் தப்பு செய்யச் சொல்லி எந்த அப்பாவுக்குத் தைரியம் வரும்? அதனால் தப்பாத பாட்டையே கொடுத்து அனுப்புகிறோம். அன்றைக்கு வந்த 27 பேரில் ஹம்சத்வனி பாடியவர்கள் மட்டும் ஒன்பது பேர். இப்படி ஒரு கணக்குப் போட்ட வீடுகள் இன்னும் எத்தனையோ.

இத்தனைக்கும் வித்தை ஒரு காலத்தில் இந்தப் பக்கம்தான் இருந்தது. நான் தினம் நடந்து போகிற ஜார்ஜ் டவுனில், பந்தர் தெருவில் கோவூர் சுந்தர முதலியார் வீட்டில் தியாகராஜர் வந்து தங்கியிருக்கிறார். வீணை தனம்மாள் 1867இல் பிறந்தது ஜார்ஜ் டவுனில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டில் வாசிப்பதைக் கேட்க வித்வான்களே வந்து சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருப்பார்களாம். சஹானா வர்ணம் செய்த திருவொற்றியூர் தியாகய்யர், குப்பய்யரின் மகன்தான். குரு பெயரை மகனுக்கு வைத்திருக்கிறார். இன்று மணலி என்றால் சுத்திகரிப்பு ஆலையும் புகைபோக்கியும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அந்த மணலியில்தான் வெங்கடகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் ராமசாமி தீட்சிதர் குடும்பத்தோடு வாழ்ந்தார். அங்கே இருந்த காலத்தில்தான் அவருடைய இளைய மகன் பாலுசாமி தீட்சிதர் ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்றுக்கொண்டு, நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். ஹம்சத்வனியை உண்டாக்கியவர் அந்த ராமசாமி தீட்சிதர், வாதாபியைச் செய்தவர் அவருடைய மூத்த மகன் முத்துசாமி தீட்சிதர். ஆக, பத்திரமான பாட்டு என்று நான் கொடுத்தனுப்பியதும் எங்கள் பக்கத்து ஊரில் இருந்த ஒரு குடும்பத்துப் பாட்டுதான். இதையெல்லாம் பிறகு தேடித் தேடிப் படித்தேன். படித்து மகளிடம் சொன்னபோது ஆர்வமாகக் கேட்டாள். ஆனாலும் பேகடா பாடவில்லை. நான் பறித்ததை இந்தக் கதைகளைச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன் போல. அது நடக்கவில்லை.

கடைசியில் டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேள்வி, பதில், நான் முதுகில் தட்டியது வரைக்கும். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “வெள்ளிக்கிழமை அவளை ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டுவந்து விடுங்க” என்றார். அந்த வெள்ளிக்கிழமை, மற்ற பிள்ளைகள் வருவதற்கு முன்னால், பேகடாவை ஒன்றுமே தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போல ஆரம்பத்திலிருந்து ஆரம்பித்தார். பல்லவி, முதல் சங்கதி, நிறுத்து. மறுபடி முதல் சங்கதி. நான் வாசலில் செருப்போடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் மகள் முதலில் வாய்க்குள்ளேயே பாடினாள். டீச்சர் மத்யமத்தைத் தானே வேண்டுமென்று இரண்டு விதமாகப் பாடிக் காட்டி, “எது நல்லா இருக்கு?” என்றார். அவள் ஒன்றைச் சொன்னாள். “அப்ப தெரியுதுல்ல” என்றார் டீச்சர். அவருக்கு நான் சொன்ன கதை மனசில் இருந்து அப்படிச் சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. இது நடந்தது தை மாதத்தில். இப்போது ஐந்து மாதமாக வெள்ளிக்கிழமைகளில் அந்த ஒரு மணி நேரம் நடக்கிறது. சில வாரம் அவளே வேண்டாம் என்பாள். டீச்சர் வற்புறுத்தமாட்டார், தேங்காய்ப் பர்பி கொடுத்து, பாட்டில்லாமல் பேசிக்கொண்டிருப்பார்.

இந்த வருடப் படிவம் போன வாரம் வந்திருக்கிறது. அதே சபா, அதே 6 நிமிடம், பாட்டு எழுத அதே நாலு வரி. இந்தத் தடவை அவள் கையில் கொடுத்துவிட்டேன். அவள் எழுதி வைத்ததைப் பார்த்தேன். மூன்றாவது வரியில் பேகடா இருக்கிறது. நடுவர்கள் அதைக் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். நாலாவது வரிக்குத் தள்ளினால் கேட்பது குறையுமே என்று ஒரு நினைப்பு வந்தது, மறைக்கவில்லை. பேனாவை எடுக்காமல் அப்படியே அனுப்பிவிட்டேன்.

நேற்று காலை ஐந்தரை இருக்கும். பால் பொங்குவதற்காக நின்றுகொண்டிருந்தேன். வெளியே லாரி ஹாரன். உள்ளே அவள் சுருதியைப் பிடித்துக்கொண்டு, அது கடந்து போகக் காத்திருந்துவிட்டு, சுந்தரி என்று எடுத்தாள். அந்த இடத்தில் மத்யமம் கொஞ்சம் தாழ்ந்துதான் இருந்தது. எனக்கே தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும், திரும்ப அதே இடத்தை எடுத்தாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு, டம்ளர் சத்தம் வராமல் காபி கலந்தேன்.